முட்டியின் இடைவெளி

இந்த நோயை வைத்துக்கொண்டு நாம் நாற்பது வயதைத் தாண்டுவோம் என்று யாரும் நமக்குச் சொல்லி வைக்கவில்லை. தாண்டிவிட்டோம். தாண்டியவர்களை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிகிறது. பஸ் நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒருவர் உட்காருகிற விதமே போதும். முதலில் நாற்காலியின் முதுகைப் பிடிப்பார். மடங்காத காலை முன்னால் அனுப்புவார். பிறகு மிச்ச உடம்பை, லாரியிலிருந்து பீரோவை இறக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். நம்ம ஆள் என்று நினைத்துக்கொள்வேன். போய்ப் பேசுவதில்லை. அதற்கு நான் எழுந்திருக்க வேண்டுமே.

இப்போது ஆஸ்பத்திரியில் சின்னப் பையன்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூட்டுகளை ஸ்கேன் எடுக்கிறார்கள். டவுசரோடு வரிசையில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். முட்டி, கணுக்கால், முழங்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஜெல்லி தடவி, திரையைப் பார்த்து, மார்க் போடுகிறார்கள். மார்க் ஏற ஏற மூட்டு மோசம் என்று அர்த்தம். முட்டை வாங்கியவன் சிரித்துக்கொண்டே இறங்கி ஓடுகிறான். ஓடுகிறான் என்பதை நான் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

போன முறை எனக்கும் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண். வலது முட்டியில் கருவியை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். பார்ப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது. இது எப்பங்க போச்சு என்று கேட்டார், பல் போனதை விசாரிப்பது போல. தொண்ணூறுகளில் என்றேன். அவர் அப்போது பிறந்திருக்க மாட்டார்.

அது முழுப் பதில் இல்லை. ஆடியில் ஆரம்பித்துக் கார்த்திகையில் முடிந்த பதில் ஒன்று இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு பருவம் இருக்கும், ஒரு மூட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பருவம். என்னுடையதில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு காலைப்பொழுதும் கிடக்கிறது. அதற்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். மெதுவாக நடக்கிறவன்.

அப்போது நாங்கள் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டு வீடு, ஒரு வாசல், ஒரு குழாய். அப்பா ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் பிட்டர். கட்டிங் ஆயில் வாசனை அவருக்கு முன்னால் வாசலுக்குள் நுழையும். விரல் இடுக்குகளில் எத்தனை தேய்த்தாலும் போகாத கருப்பு. துடைத்துக்கொள்ளத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு பந்து எப்போதும் பையில் இருக்கும். அதே பனியன் வேஸ்ட்டில் சுற்றித் தன் சொந்த வெர்னியர் காலிப்பரையும் வைத்திருந்தார். கம்பெனி வெர்னியர் பத்துப் பேர் கைபட்டது, அதை நம்ப முடியாது என்பார். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அம்மா புதிதாக ஒரு குடம் வாங்கினால்கூட தகட்டின் கனத்தை அளந்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கவிடுவார்.

எனக்கு ஆறு வயதில் ஒரு பால்பல் விழுந்தது. மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நம் நோயின் பெயரைச் சொன்னார்கள். ஈமோபிலியா. அப்பா அதை ஒரு அட்டையில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையனுக்கு ரத்தம் உறையாது, காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் அதை முழுசாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே அரத்தோடு உட்கார்ந்தார். கட்டில் மூலை, பெஞ்சு மூலை, ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு, எல்லாவற்றையும் ராவி உருட்டிவிட்டார். எங்கள் வீட்டில் கூரான மூலை என்று ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. பென்சிலைக்கூட அவர்தான் சீவித் தருவார், முனையை லேசாக மழுக்கி.

வெளியே இருந்த எல்லாக் கூர்களையும் அவர் எடுத்துவிட்டார். கீறலே இல்லாமல் உள்ளுக்குள் கசியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருப்பார்கள். அரத்தால் ராவ முடியாத ஒன்று அவர் காதில் ஏறியிருக்காது.

அம்மாவுக்குத் தெரியும். அவள் பிறந்த ஊர் அந்தியூர். அங்கே அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். முட்டி ஊதி ஊதி ஒரு கால் மடங்கியே போனவன், பன்னிரண்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவன். அவனுக்கு என்ன நோய் என்று அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை. அந்த முட்டியை மடியில் வைத்திருந்தவள் அவள்.

ஆடிக் காற்று. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து கதவுகளை அறைந்துகொண்டிருந்த காற்று. ஒரு நாள் காலையில் வலது முட்டிக்குள் ஒரு சூடு. யாரோ உள்ளேயிருந்து ஊதுகிற மாதிரி. உங்களுக்குத் தெரியும், முதலில் வலி வராது, ஒரு கூச்சம் வரும், ஒரு நிறைவு வரும், பிறகுதான் வலி. மத்தியானத்துக்குள் முட்டி மினுமினுவென்று ஆகிவிட்டது. அப்பா வந்து காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறலைத் தேடினார். காணோம். காயமே இல்லியேடா என்றார், நான் எங்கோ ஒளித்து வைத்திருப்பது போல.

ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுக்கிறவர் என் இரண்டு கால்களையும் ஜில்லென்ற தகட்டின்மேல் சேர்த்து வைத்து, மூச்சைப் புடிச்சுக்க என்றார். முட்டிக்கு எதற்கு மூச்சு? பழக்கதோஷம். நானும் பிடித்துக்கொண்டேன். படம் கழுவுகிற உள்ளறையிலிருந்து புளித்த வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் என் இரண்டு முட்டிகளும் கிளிப்பில் மாட்டி, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. என் உடம்பில் நான் பார்த்த முதல் சுத்தமான இடம்.

டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து, எலும்பு முறிவு ஒன்றும் இல்லை என்றார். இந்த நோய்க்கு நீங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதுதான் நல்லது என்றும் சொன்னார். அப்பா முதல் வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்காது. அப்பா குளித்து, விபூதி பூசி, படத்தை ஜன்னல் கம்பிகளில் நான்கு மூலையும் கட்டினார். வெயில் என் முட்டிகளின் வழியாக உள்ளே வந்தது. பனியன் வேஸ்ட்டைப் பிரித்து வெர்னியரை எடுத்தார். மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே ஒரு கருப்புச் சந்து தெரியும் அல்லவா, அதில் வெர்னியரின் மூக்கை வைத்தார். இடது முட்டி. ஒரு கண்ணை மூடிப் படித்தார். அஞ்சரை மில்லி. வலது முட்டி. மறுபடி படித்தார். மறுபடி படித்தார். மூணு.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"தேஞ்சிருந்தா கேப் கூடியிருக்கோணும். இங்க கொறஞ்சிருக்குது. ஒண்ணும் தேயல, டைட்டா இருக்குது, அவ்வளவுதான்" என்றார் அப்பா. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "புது மோட்டாரு இப்படித்தான் இருக்கும். ஓட ஓடத்தான் ப்ரீயாகும்."

"அது முட்டிங்க. பேரிங் இல்லீங்க."

"முட்டியும் ஒரு பேரிங்குதான் புள்ள."

"என்ற தம்பிக்கும் இப்படித்தானுங்க ஊதிக்கிட்டுக் கெடந்துச்சு. பையன் வலிக்குதுங்கறானுங்க."

"ஓட்டாம வெச்சா வலிக்கத்தான் செய்யும். துரு ஏறிப்போயிரும்."

இன்று யோசிக்கும்போது அவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு பிட்டருக்குத் தெரிந்த உலகத்தில் அது சரியான முடிவு. இரும்பு தேய்ந்தால் இடைவெளி கூடும். பத்துப் பதினைந்து வருஷம் அவர் கையும் கண்ணும் படித்த பாடம் அது. எங்கள் வகைச் சாமான் தேய்ந்தால் இடைவெளி குறையும் என்பதை அவர் எந்த மிஷினிலும் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் அந்த வருஷம் எத்தனை வீட்டில் வெர்னியர் இருந்ததோ, ஒரு பிள்ளையின் முட்டியை அளந்தது எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும்.

வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் என்னை ஓட்ட ஆரம்பித்தார். புது மோட்டாரை எப்படி ஓட்டுவார்களோ அதே முறை. முதல் வாரம் லோடு இல்லாமல். அதுவரை மொபெட்டில் பள்ளிக்கூடம் போனவன் நடந்து போக வேண்டும், புத்தகப் பையை அவர் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். இரண்டாவது வாரம் பாதி லோடு. கணக்கும் தமிழும் என் முதுகில், மிச்சம் அவர் கையில். மூன்றாவது வாரம் முழு லோடு, தனியாக. சாயந்திரம் லைன் வீட்டு வாசலில் பத்துச் சுற்று. குழாயிலிருந்து துணி துவைக்கிற கல்வரைக்கும் போய், சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். முட்டிக்குள் டிக், டிக் என்று ஒன்று கேட்கும். எனக்கும் கேட்கும், அவருக்கும் கேட்கும்.

"வலிக்குதுங்கப்பா."

"ஆரம்பத்துல சத்தம் வரத்தான் செய்யும் கண்ணு. செட் ஆயிரும்."

பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு நின்று, உங்கப்பன் உனக்காக எப்படி மெனக்கெடறாரு பாரு, எத்தனை அப்பன் இப்படி நிப்பான் என்பாள். நெசந்தான். குனிந்து பின்னங்கழுத்து வியர்வையை அந்தப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுவார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தட்டிக்கொடுப்பார். அவர் இருந்தது என் பக்கம்தான். நான்தான் அவர் பக்கத்தில் இல்லை. எனக்கு வலித்தது, அதைச் சொல்லவும் சொன்னேன். என் பேச்சு ஒரு பக்கம், ஜன்னலில் தொங்கிய படம் ஒரு பக்கம். படம் ஜெயித்துக்கொண்டே இருந்தது.

தனியாக விட்ட பிறகு, காலையில் அப்பா கம்பெனிக்குப் போனதும்தான் நான் பள்ளிக்குக் கிளம்புவேன். தெருமுனை திரும்பியதும் அம்மா பின்னாலிருந்து வருவாள். மில்லின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. அங்கே யாரும் வரமாட்டார்கள். அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் என்னை, பத்து வயதுப் பையனை, இடுப்பில் தூக்கிக்கொள்வாள். பையும் சேர்ந்து அவள் தோளில். என் கால் அவள் கெண்டைக்காலில் இடிக்கும். பேசமாட்டாள், மூச்சு மட்டும் வாங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் இரைச்சல், இந்தப் பக்கம் அவள் மூச்சு. பள்ளிக்கூடச் சுவர் தெரிந்ததும் இறக்கிவிட்டு, அப்பா கேட்டா நடந்தேன்னு சொல்லு சாமி என்பாள். நடந்தேன் என்றே சொன்னேன். அப்பா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்: பார்த்தியா, இப்ப தூரம் தெரியல.

எங்கள் மூவரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் இன்னும் அலுப்பாக இருக்கிறது. ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எப்போதோ முடித்து வைத்திருப்பேன்.

அந்த வருஷம் தீபாவளியை ஒட்டிச் சூரிய கிரகணம் வந்தது. வாசலில் வெடிக் காகிதம் இன்னும் கூட்டப்படவில்லை. லைன் வீட்டில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்பா மட்டும் பயப்பட வேண்டாம், எக்ஸ்ரே படம் வழியாகப் பார்க்கலாம் என்று சொல்லி, என் படத்தை அவிழ்த்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அப்படிப் பார்ப்பதும் ஆபத்து என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அவர்தான் வாசலுக்கே விஞ்ஞானி.

என் முட்டிகளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார்கள். ஒருத்தன் மாற்றி ஒருத்தன். எலும்பு வழியாப் பாக்காத, கண்ணு கூசும், கருப்பு வழியாப் பாரு என்று பெரிய பையன் ஒருவன் கட்டளையிட்டான். என் முறை வந்தது. நான் வேண்டுமென்றே வலது முட்டியின் சந்து வழியாகப் பார்த்தேன். கடிபட்ட சூரியன் அந்த மெல்லிய கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் நின்றது. அவ்வளவு சின்ன இடம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருந்தது.

படத்தை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு எழப்போனேன். எழ முடியவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் என் முட்டி, இளநீர்க் காய் அளவுக்கு, தனியாகப் பருத்துக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடவில்லை. மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் சலித்திருந்தது. அப்பாதான் திரும்பிப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே நீளப் பெஞ்சு. முழுக்க முழுக்கக் கர்ப்பிணிகள். நடுவில் அப்பா மடியில் நான். ஒரு ஆயா வந்து எல்லோருக்கும் கொடுப்பது போல எனக்கும் இரண்டு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். ஸ்கேனுக்கு வந்தா தண்ணி குடிச்சு அடக்கி வெச்சுக்கோணும் கண்ணு, அப்பத்தான் தெரியும் என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா குடிக்க வைத்தார். பக்கத்தில் ஒரு அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கு எத்தனாவது மாசம் கண்ணு?" என்று கேட்டாள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்தால் முட்டியும் வலித்தது, அடிவயிறும் வலித்தது. அப்பா சிரிக்கவில்லை.

உள்ளே இருந்த டாக்டரம்மா, முட்டிக்கு எதுக்குங்க தண்ணி என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றுக்குப் போகவைத்துத் திரும்பவும் தூக்கி வந்தார். ஜெல்லி. ஜில்லென்ற கருவி. திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்தது. நடுவில் ஒரு இருட்டுக் குளம். இது பூரா ரத்தம் என்று அவர் காட்டினார். குளத்தின் கரையில் பாசி மாதிரி எதுவோ ஆடிக்கொண்டிருந்தது. மூட்டின் உள்தோல் ரத்தத்தைக் குடித்துக் குடித்துத் தடித்துப் போயிருக்கிறது, அது இனி எலும்பை அரிக்கும் என்றார். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அப்பா உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளின் கைரேகை முழுக்க இருந்தது. டாக்டரம்மா அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"இது ஆடி மாசத்துப் படமா? அப்பவே பாதி போயிருச்சேங்க. அதுக்கு முன்னாலயே உள்ளுக்குள்ள பல தடவை கசிஞ்சிருக்கணும். ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். எக்ஸ்ரேயில அது தெரியாது, வெறும் சந்து மாதிரிதான் தெரியும். சந்து கொறஞ்சா மெத்தை தேஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

அப்பா திரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"ஓடுனா ப்ரீயாகாதுங்களா?"

"ஓடுனாவா? இந்தக் காலை வெச்சுக்கிட்டா? யாருங்க ஓடச் சொன்னது?"

"நாந்தானுங்க."

டாக்டரம்மா என் முட்டியில் இருந்த ஜெல்லியைத் துடைத்தார். அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வார்டில் படுக்க வைத்தார்கள். இப்போதைய பையன்களுக்குப் பொடியாக, குப்பியில் வந்து வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிற மருந்துக்குப் பதில், அப்போது நமக்குக் கிரையோ. யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த சின்னச் சின்னப் பைகள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு உருக்கி, வைக்கோல் நிறத்தில் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். அந்தப் பைகள் நம்மில் சிலருக்கு வேறு நோய்களையும் கொண்டுவந்தன. அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. பைக்குப் பதில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா உடனே சட்டைக் கையைச் சுருட்டினார். என்ற ரத்தத்தையே பையனுக்கு ஏத்த முடியுமுங்களா என்று கேட்டார். அது பொதுவில் போய்ச் சேரும் என்றார்கள். சரி, யாருக்குப் போனாலும் சரி என்றார்.

ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். கால் அசையாமல் இருக்க, பின்னால் தொட்டி மாதிரி ஒரு மாவுக்கட்டு. பத்துச் சுற்று இல்லை, சந்து இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோபத்தில் இல்லை. கம்பெனிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வேண்டுமென்று கேட்டால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டம்ளரைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். அந்தப் படம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரவே இல்லையோ என்னவோ.

நான் கட்டிலில் கிடந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுக்கு அது அதிக யோசனை. அப்பா இப்போது நம்பிவிட்டார், சரி. ஆனால் யாரை நம்பினார்? முதலில் ஒரு படத்தை நம்பினார். பிறகு ஒரு திரையை நம்பினார். நடுவில் மூன்று மாதம் நான் சொன்னது எதுவும் அவருக்குள் போகவே இல்லை. நாளைக்கு நான் வலிக்கிறது என்று சொன்னால் மறுபடி ஜன்னலில் ஒரு படம் கட்டித்தான் என்னை முடிவு செய்வார். அது என்னை முட்டியைவிட அதிகமாகக் குடைந்தது. என் வாயால் சொன்னால் போதும் என்று ஒரே ஒரு முறை ஆக வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்தக் காலைப்பொழுது.

கார்த்திகை. தூறல். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கலாம். அப்பா கம்பெனிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நான் திட்டம் எதுவும் போடவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அப்பா, இடது முட்டிக்குள்ள சுடுதுங்க."

இடது முட்டி நல்ல முட்டி. அதற்குள் சூடும் இல்லை, கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்பா வந்து குனிந்தார். உள்ளங்கையை வைத்தார். வீக்கமில்லை, மினுமினுப்பு இல்லை. அவர் கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. நெசமாவா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை. அம்மாவிடம் ஒரு துண்டை எடுத்து வரச் சொன்னார். என் தலைமேல் போட்டு, தூறலில் மொபெட்டில் உட்காரவைத்துக் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியில் ஒன்றும் தெரியவில்லையே, ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாமா என்றார்.

"படமெல்லாம் வேண்டாமுங்க" என்றார் அப்பா. "பையன் சொல்றானுங்க. அவன் சொன்னாப் போதுமுங்க."

இதைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். கேட்டும்விட்டேன். அந்த நிமிஷமே கட்டிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டும் போலிருந்தது. டாக்டர், ஆமாம், இந்த நோயில் நோயாளி சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிரையோ குறைவாகத்தான் இருக்கிறது, இருப்பதை உருக்கச் சொல்கிறேன் என்றார்.

ரத்தம் எடுக்கிறவர் வார்டு வாசலில் வந்து நின்று, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆறு மாசமாச்சுங்க" என்றார் அப்பா.

ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை; மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்கமாட்டார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுக்கிறவர் பின்னால் போனார்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான். எங்களுக்குப் பின்னால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பான். என் வயதுதான் இருக்கும். அவிநாசிப் பக்கம் என்று அவன் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாள். அவனுக்கு வலது கணுக்கால். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, உங்களுக்கும் தெரிந்திருக்கும், அது நேற்றே ஆரம்பித்த கசிவு. காலைத் தொட வந்த துணியைக்கூட அவன் தள்ளிவிட்டான். நர்ஸ் அவன் அம்மாவிடம், இருந்ததை இந்தப் பையனுக்குப் போட்டாச்சுங்க, வேற எடத்திலிருந்து வரோணும், மத்தியானம் ஆயிரும் என்றார். அந்த அம்மா சண்டை போடவில்லை. சரிங்க என்றாள். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களின் அந்தச் சரிங்க.

அவன் அழவில்லை. என் தலைக்கு மேலே தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொட்டாக. ஒரு பை முடிந்து அடுத்த பையை மாட்டியபோது, எத்தனை இருக்கிறது என்று கண்ணாலேயே எண்ணினான். நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஊசியைப் பிடுங்கி அவன் கையில் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நல்ல வாய், அன்று காலையில்தான் நன்றாக வேலை செய்திருந்தது.

அப்பா வந்தார். உதடு வெளுத்திருந்தது. ரத்தம் கொடுத்தவருக்கென்று தந்த பிஸ்கட்டில் ஒன்றைக்கூடத் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டை எடுத்து அந்தப் பையனிடம் நீட்டினார். அவன் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். அப்பா என் கட்டிலில் உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பக் கொறஞ்சிருக்குதா கண்ணு?"

"கொறஞ்சிருச்சுங்கப்பா."

அவனுக்குப் பை வந்ததா, எப்போது வந்தது, நான் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு முன்பே எங்களை அனுப்பிவிட்டார்கள். கடைசியாக நான் பார்த்தபோது அவன் அம்மா அவன் பாதத்தைத் தொடாமல், காற்றில் ஏந்திக்கொண்டிருப்பது போல, கையை அடியில் வைத்திருந்தாள். அதன் பிறகு அப்பா என்னிடம் எப்போதும் படம் கேட்டதில்லை. நான் சொன்னால் போதும் என்று கடைசிவரை கிளம்பி வந்தார். நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. இனி சொல்வதற்கு அவரும் இல்லை.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களில் ஒருவர் அந்தப் பையனாக இருக்கலாம். அவிநாசிப் பக்கம், வலது கணுக்கால், கார்த்திகை மாதம், தூறல், கையில் இரண்டு பிஸ்கட். நம்மவர்கள் கூடும்போதெல்லாம் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, வேட்டிக்கும் பேண்டுக்கும் கீழே பார்க்கிறேன். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். அந்தக் கணுக்காலை வைத்து உங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. நம் வயதில் யாருடைய வலது கணுக்காலும் நேராக இல்லை.